விசைகள் சமநிலையில் இருந்தால் பொருள் நின்றுவிடுமா? பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடங்கள்

நானுஓயாவில் இருந்து பட்டிப்பொல நோக்கி ரயில் ஒரே வேகத்தில், நேரான பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் முன்னால் இழுக்கும் விசை பெரிதா, ரயிலைப் பின்னால் இழுக்கும் விசைகள் பெரிதா? சாதாரண தரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "எஞ்சின் விசைதான் பெரிசு சேர், இல்லாட்டி எப்படி மலை ஏறும்?" என்று பலர் சொல்வார்கள். சரியான விடை, இரண்டும் சமம். இது மனதில் பதிந்துவிட்டால் இந்தப் பாடத்தின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்காகவே பார்ப்போம். மலையகப் பாதையின் செங்குத்தான பகுதிகளில் 44 மீற்றர் ஓடினால் ஏறத்தாழ 1 மீற்றர் உயரும். 44 தொன் திணிவுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று வைத்தால் அதன் நிறை 4,40,000 நியூற்றன். அதில் சரிவு வழியே கீழ்நோக்கி இழுப்பது 44இல் ஒரு பங்கு, அதாவது 10,000 நியூற்றன். உராய்வும் காற்றுத்தடையும் சேர்ந்து 1,000 நியூற்றன் என்று கொள்வோம். இப்போது முன்னால் இழுக்கும் விசை சரியாக 11,000 நியூற்றன் என்றால் பெட்டி வேகம் கூடாமலும் குறையாமலும் ஏறும். 15,400 நியூற்றன் கொடுத்தால் 4,400 மிஞ்சும், வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் 0.1 மீற்றர் வீதம் கூடும். மிஞ்சும் விசை வேகத்தை மாற்றத்தான் செலவாகிறது. இருக்கும் வேகத்தோடு போய்க்கொண்டிருக்க மிச்சம் எதுவும் தேவையில்லை. 1687இல் நியூற்றன் வெளியிட்ட முதலாம் விதி சொல்வதும் இதைத்தான்.

இதிலிருந்தே இன்னொரு தவறும் கிளைக்கிறது. ஏற்றத்தில் சாரதி எஞ்சின் விசையை நிறுத்திவிட்டால், ரயில் உடனே நிற்காது, கொஞ்சத் தூரம் மேலேதான் போகும். அந்த நேரத்தில் விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளையும் சேர்த்தால் கிடைக்கும் மொத்த விசை, கீழ்நோக்கி இருக்கிறது, இயக்கமோ மேல்நோக்கி. பொருள் போகும் திசையில்தான் விளையுள் விசை இருக்கும் என்று நினைத்து அம்புக்குறி போடும் பிள்ளைக்கு இங்கே புள்ளி போய்விடும்.

அடுத்தது தாக்கமும் மறுதாக்கமும்: ஒரு பொருள் இன்னொன்றின் மீது விசை கொடுத்தால், அந்த இன்னொன்றும் முதலாவதன் மீது அதே அளவு விசையை எதிர்த்திசையில் கொடுக்கும். இதைச் சமநிலை விசைகளோடு குழப்பாத வகுப்பே இல்லை என்பேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் 25 கிலோ கொழுந்துச் சாக்கு தராசுக் கொக்கியில் அசையாமல் தொங்குகிறது. பூமி சாக்கை 250 நியூற்றனால் கீழே இழுக்கிறது, கொக்கி அதே சாக்கை 250 நியூற்றனால் மேலே இழுக்கிறது. இரண்டும் சாக்கின் மீதே தாக்குவதால் இவை சமநிலை விசைகள், தாக்க மறுதாக்கச் சோடி அல்ல. கொக்கி சாக்கை மேலே இழுப்பதற்கு மறுதாக்கம், சாக்கு கொக்கியைக் கீழே இழுப்பது. முள்ளைத் திருப்புவது அந்த விசைதான். பூமியின் இழுப்புக்கு மறுதாக்கம், சாக்கு பூமியை மேல்நோக்கி இழுப்பது.

வேறுபாடு உண்மையா என்று சந்தேகம் வந்தால், சாக்கைத் தொப்பென்று மாட்டிய கணத்தைப் பாருங்கள். முள் 25ஐத் தாண்டி ஓடும். அப்போது கொக்கியின் இழுப்பு நிறையைவிடப் பெரிது, சமநிலை இல்லை. ஆனால் கொக்கி சாக்கை இழுப்பதும் சாக்கு கொக்கியை இழுப்பதும் அந்தக் கணத்திலும் சமமே. சாக்கு கீழே இறங்கி, திரும்பி எழும்பும் புள்ளியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே விசைகள் சமமா? இல்லை. சமமாக இருந்திருந்தால் அங்கேயே தங்கியிருக்கும். முள் ஆடி அடங்கிய பிறகுதான் கிலோ வாசிக்க வேண்டும் என்பதற்குப் பௌதிகக் காரணம் இதுதான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவரின் சம்பளம் அந்த முள்ளில் இருக்கிறது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது பரீட்சைக்கு மட்டும் உரிய விசயமல்ல.

அலுமாரியை 200 நியூற்றனால் தள்ளியும் நகரவில்லை என்றால் உராய்வு எவ்வளவு? "200ஐ விடக் கூட" என்று எழுதாதீர்கள். சரியாக 200. கூட இருந்தால் அலுமாரி தள்ளியவரை நோக்கியல்லவா நகர வேண்டும்? உராய்வு ஓர் எல்லை வரை தள்ளும் விசைக்குச் சமமாகக் கூடிக்கொண்டே போகும். அந்த எல்லை தாண்டினால்தான் அலுமாரி நகரும்.

கடைசியாக, ரயிலில் படித்ததை அப்படியே வளைவுக்குக் கொண்டுபோகக் கூடாது. ரம்பொடை வளைவில் பஸ் மாறாத 20 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினாலும் விசைகள் சமநிலையில் இல்லை, ஏனென்றால் திசை மாறிக்கொண்டிருக்கிறது. பயணிகள் வெளிப்பக்கம் சாய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் பஸ்ஸை வெளியே தள்ளும் ஒரு விசையைப் படத்தில் வரைந்துவிடுகிறார்கள். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசை கிடையாது. மட்டமான தெருவில் டயருக்குத் தெரு கொடுக்கும் உராய்வுதான் பஸ்ஸை உட்பக்கம் திருப்புகிறது. மழையில் அந்த உராய்வு போதாமல் போனால் பஸ் வளையாமல், போய்க்கொண்டிருந்த நேர்த்திசையை நோக்கியே வழுக்கும். ஆகவே படத்தில் உட்பக்கம் ஓர் அம்புக்குறி போதும்.