சிங்கப்பூருக்கு விடுமுறையில் வந்தால்: லாவ் பா சாட்டில் ஒரு மாலை

வெளிநாட்டில் குடியேறிவிட்டு விடுமுறைக்குச் சிங்கப்பூர் வரும் நம்மவர்கள் பலர், உறவினர் வீடு, தேக்கா, சாங்கி என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மாலையை, பழைய சந்தைக் கட்டடத்தில் இயங்கும் உணவங்காடியான லாவ் பா சாட்டுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் வெளியூரில் வளர்ந்தவர்கள் என்றால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

மலிவாகச் சாப்பிட அங்கே போக வேண்டாம். உங்கள் பழைய புளோக்குக்குப் பக்கத்து உணவங்காடியில் விலை குறைவு, ருசியும் நன்றாக இருக்கும். லாவ் பா சாட்டுக்குப் போவது அந்தக் கட்டடத்துக்காக. தெலுக் ஆயர் பகுதி கடலோரமாக இருந்த காலத்தில் தொடங்கிய சந்தை அது. 1838இல் கட்டடக் கலைஞர் கோல்மன் அதற்கு எண்கோண வடிவம் கொடுத்தார். கடலைத் தூர்த்தபோது அந்தக் கட்டடம் போய்விட்டது. ஆனால் 1894இல், மீட்ட நிலத்தில் நகராட்சிப் பொறியாளர் மெக்ரிச்சி கட்டிய புதிய சந்தையும் எண்கோணம்தான். இரும்புத் தூண்களும் வளைவுகளும் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. 1986இல் ரயில் சுரங்கம் தோண்டுவதற்காக மொத்தத்தையும் கழற்றி வைத்து, பிறகு அதே இடத்தில் திரும்ப மாட்டினார்கள். எத்தனையோ பழைய இடங்களை இடித்துவிட்ட ஊரில் இது எனக்குப் பெரிய விஷயம். உள்ளே போனதும் கூரையின் நடுவுக்குக் கீழே நின்று மேலே பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். முதலில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்காவைப் பாருங்கள், நடக்கிற தூரம்தான். 1828க்கும் 1830க்கும் இடையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சந்தைக்கு அருகே அன்று கரையிறங்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம் சாத்தே, அதாவது குச்சியில் குத்திக் கரியில் சுட்ட இறைச்சி. இரவு ஏழு மணிவாக்கில் பக்கத்துப் பூன் டாட் ஸ்திரீட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போடுவார்கள். கரிப்புகை, வேர்க்கடலைக் குழம்பு, கெத்துப்பாட் என்ற அரிசிக் கட்டி, சுற்றிலும் வானுயர்ந்த வங்கிகள்! மேசையைப் பிடித்துவிட்டு ஒருவர் மட்டும் போய் வாங்கி வாருங்கள். ஹலால் வேண்டுமென்றால் சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் உள்ளேயிருக்கும் இந்திய உணவுக் கடையில் விசாரிக்கலாம்.

வார நாளில் மதியம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே தெலுக் ஆயர், ஷென்டன் வே என இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையங்கள் இருப்பதால் டாக்சி தேவையில்லை. பல ஆண்டுகள் கழித்து வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சாப்பிட்ட தட்டை நீங்களேதான் திருப்பி வைக்க வேண்டும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம்.