ஆங்கிலக் கேட்டல் வகுப்பு: எங்கே பிசகுகிறது?

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களையும் ஆசிரியர் பயிற்சியில் வரிசையாக ஒப்பித்திருப்போம். பள்ளிக்குள் நுழைந்ததும் அந்த வரிசை தலைகீழாகிவிடும். தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தாளுக்குத்தான். சி.பி.எஸ்.இ.-யில் 9, 10 வகுப்புகளுக்கு அக மதிப்பீடு 20. அதில் கேட்டல், பேசுதல் இரண்டுக்கும் சேர்த்து 5. மேல்நிலையில் கேட்டலுக்கு 5, பேசுதலுக்கு 5. அந்த ஐந்தையும் எல்லாருக்கும் நாலரை, ஐந்து என்று அள்ளிக் கொடுத்துவிடும் பள்ளிகள் உண்டு. பெற்றோரும் கேட்பதில்லை, தலைமையாசிரியரும் கேட்பதில்லை.

அக்கறையோடு செய்கிறவர்களும் ஒரு பெரிய தவறைச் செய்கிறார்கள். கேட்டலைச் சோதிக்கிறார்கள், கற்பிப்பதில்லை. ஒலிப்பதிவை ஓடவிடுவது, ஐந்து கேள்வி கேட்பது, விடையைச் சொல்வது, அடுத்த பதிவுக்குப் போவது. இப்படி ஆண்டு முழுவதும் இருபது பதிவு ஓட்டினாலும், மூன்று கேள்விக்குத் தவறாக விடை எழுதிய பிள்ளைக்கு அது ஏன் தவறு என்று தெரியாது. சரியான விடை என்ன என்று மட்டும் தெரியும். கணக்கில் விடையை மட்டும் சொல்லிவிட்டு வழிமுறையைச் சொல்லாமல் போகும் ஆசிரியரை நாம் சும்மா விடுவோமா?

சொல் தெரியும், காதில் விழாது

எட்டாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய சொல்லே பேச்சில் வரும்போது மாணவருக்குப் பிடிபடாமல் போகிறது. ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெறும் சொற்கள் நீண்டு ஒலிக்கும். இடையிலுள்ள சின்னச் சொற்கள் சுருங்கிப்போகும். 'ஷுட் ஹேவ்' என்று பாடநூலில் இருப்பது பேச்சில் 'ஷுடவ்' ஆகிறது. 'டிட் யூ' என்பது 'டிஜூ' ஆகிறது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வினோதம் அல்ல. 'செய்துகொண்டு இருக்கிறேன்' என்று எழுதுகிற நாம் 'செஞ்சுட்டிருக்கேன்' என்றுதான் பேசுகிறோம். எழுத்துத் தமிழ் மட்டும் படித்த வெளிநாட்டவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் என்ன பாடு படுவாரோ, அதைத்தான் நம் பிள்ளைகள் ஆங்கில ஒலிப்பதிவின் முன் படுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய ஆய்வகம் எதுவும் வேண்டாம். கேள்விகளை முடித்த பிறகு, பெரும்பாலோர் கோட்டை விட்ட ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு விநாடிதான் இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டத் தடுமாறினால் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். அவர்கள் காதுக்கு எப்படிக் கேட்டது என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். அப்புறம் அச்சிட்ட வாக்கியத்தைக் காட்டி, அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை கேட்கவிடுங்கள். பத்து நிமிட வேலை. நான்கு புதிய பதிவுகளை ஓட்டுவதைவிட இது பயன்படும் என்பது என் அழுத்தமான கருத்து.

எழுதியதை வைத்துப் பார்த்தால் தவறுகள் சில வகைக்குள் அடங்குவது தெரியும். 'முடியும்', 'முடியாது' என்று பொருள்படும் 'கேன்', 'கான்ட்' சொற்களில் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். மறுப்பு என்றால் கடைசியில் 'ட்' கேட்கும் என்று காத்திருப்பார்கள். வேகமான பேச்சில் அந்த 'ட்' பல நேரம் காதில் விழாது. 'ஐ கன் கோ' என்று உயிரொலி நசுங்கியிருந்தால் முடியும். 'ஐ கான்ட் கோ' என்று அழுத்தமாக நீண்டால் முடியாது. காது வைக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. பதினைந்து, ஐம்பது குழப்பமும் அதே மாதிரிதான்: 'ஃபிஃப்டீன்' என்பதில் அழுத்தம் பின்னால், 'ஃபிஃப்டி'யில் முன்னால்.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்தில் க, ட, த, ப ஆகியவற்றின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து இல்லை. முதுகு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லையும் பை என்ற பொருளுள்ள சொல்லையும் நாம் 'பேக்' என்றே எழுதுவோம். கடைசி மெய்யை மட்டும் கேட்டு வேறுபாடு காண்பது கடினம். அதற்கு முன்னுள்ள உயிரொலி, பைக்கு உரிய சொல்லில் சற்று நீளமாக இருக்கும். நெடில் குறில் வேறுபாட்டில் ஊறிய காது தமிழ்க் காது. இந்த நீளத்தைக் கவனிக்கச் சொன்னால் போதும்.

பத்தியை வாசித்துக் காட்டுவது

சில பாடநூல்களில் கேட்டல் பகுதி அச்சாகவே இருக்கும். ஆசிரியர் அதை நிறுத்தி நிதானமாக, சொல் சொல்லாக வாசிப்பார். வேறு வசதி இல்லாத பள்ளியில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து வாசிக்கும்போது, மாணவர் பழக வேண்டிய சுருக்கமும் இணைப்பும் காணாமல் போய்விடுகின்றன. வேகம் அதிகம் என்று தோன்றினால் சொல்லுக்குச் சொல் நிறுத்தாதீர்கள். வாக்கியத்தை இயல்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்கு முன் சற்று நிறுத்துங்கள்.

கட்டுரைப் பத்தியை வாசிப்பதைவிட, ஓர் அறிவிப்பையோ தொலைபேசி உரையாடலையோ பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து கைபேசியில் பதிவு செய்யலாம். நம் ஊர் உச்சரிப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நாளை இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசப்போவது பெரும்பாலும் ஐதராபாத்காரரிடமோ கொல்கத்தாக்காரரிடமோதான். லண்டன், அமெரிக்க உச்சரிப்புகளும் இடையிடையே இருக்கட்டும். படம் ஓடும்போது ஆங்கில எழுத்து கீழே ஓடினால் மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வாசிப்பு வகுப்பு.

கேள்வித்தாள் எதை அளக்கிறது?

கேள்வி தயாரானதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒலிப்பதிவைக் கேட்காத ஒருவரிடம் கேள்வித்தாளை மட்டும் கொடுத்து விடை குறிக்கச் சொல்லுங்கள். நான்கு விடைத் தெரிவுகள் இருந்தால், குருட்டாம்போக்கில் குறித்தாலே கால்வாசி சரியாக வரும். அதைவிட மிக அதிகமாக வந்தால், உங்கள் கேள்விகள் பொது அறிவை அளக்கின்றன. கரும்பு பற்றிய பதிவைப் போட்டுவிட்டு 'கரும்பிலிருந்து எடுக்கப்படுவது எது' என்று கேட்டால் காதைப் பொத்திக்கொண்டே விடை எழுதலாம்.

நினைவாற்றலை அளக்கும் கேள்வி இன்னும் பரவலானது. மூன்று நிமிடப் பதிவு முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் கேள்வித்தாள் கையில் வரும். அதில் 'தலைமையாசிரியர் மூன்றாவதாகக் கொண்டுவரச் சொன்ன பொருள் எது' என்று இருக்கும். கேட்கும்போது புரிந்த பிள்ளைக்கும் அது மறந்துபோயிருக்கும். கேள்விகளை முதலில் கொடுத்து, படிக்க ஒரு நிமிடம் விட்டு, பிறகு ஓடவிடுங்கள். கேள்விகளின் வரிசையும் பதிவில் தகவல் வரும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். சுற்றுலாப் பேருந்து ஆறரைக்குக் கிளம்புவதாக இருந்தது, மழையால் ஏழேகால் ஆகிவிட்டது என்று பதிவில் இருந்தால், கிளம்பும் நேரத்தைக் கேட்பது நல்ல கேள்வி. காதில் விழுந்த முதல் எண்ணை எழுதுகிறவரையும் பேச்சைப் புரிந்துகொண்டவரையும் அது பிரித்துக் காட்டும்.

மதிப்பெண் போடும்போது எழுத்துப்பிழைக்குக் கத்தரிப்பது வேண்டாம். புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவே ஒலிக்காமல் நிற்கும் 'டி'யை ஒரு மாணவர் விட்டு எழுதினால், அவர் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துப்பிழையை ஏற்பதில்லையே என்பார்கள். உண்மைதான், வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் போகிறவர்களுக்கான தேர்வு அது. அதன் விதிகளை ஒன்பதாம் வகுப்புக்குள் கொண்டுவர என்ன அவசரம்? ஒரு முறை ஓடவிடுவதா, இரண்டு முறையா என்ற சர்ச்சையும் இப்படித்தான். ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் ஒரே முறை. கேம்பிரிட்ஜின் இடைநிலை ஆங்கிலத் தேர்வான பி1 பிரிலிமினரியில் ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை. பள்ளிக்கு இரண்டு முறையே பொருத்தம் என்பேன். வெளியே பேருந்து ஹாரன் அடித்த நேரத்தில் விடை வந்து போயிருந்தால், அதற்குப் பிள்ளை என்ன செய்யும்?

சத்தம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முதல் நாள் அதே அறையில், மின்விசிறி ஓடும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கைபேசியின் ஒலி நாற்பது பேர் அறைக்குப் போதாது. சின்ன புளூடூத் ஒலிபெருக்கியாவது வேண்டும். எப்போதும் தவறாகவே எழுதும் மாணவர் ஒருவர் இருந்தால், தமிழில் மெதுவாகக் கூப்பிட்டாலும் திரும்புகிறாரா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் முன்வரிசையில் உட்கார வைத்து, காது பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி வீட்டில் பேசுங்கள். அப்புறம், 'ஏ' பிரிவுக்குக் காலையிலும் 'பி' பிரிவுக்கு மதியத்திலும் ஒரே பதிவைப் போடாதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் விடைகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.