பேஸ்மென்ட் சுவருக்குள் வயர் இழுக்கிறீர்களா? ட்ரைவால் அடிப்பதற்கு முன் படியுங்கள்

டொராண்டோ பக்கம், ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிராம்டனிலோ வீடு வாங்கியதும் நம்மவர்கள் கை வைப்பது பேஸ்மென்டில்தான். அம்மா அப்பா வந்தால் தங்க ஓர் அறை வேண்டும், இல்லை வாடகைக்கு விட்டால் மோர்ட்கேஜுக்கு உதவும். நல்ல யோசனைதான். ஆனால் மின்சார வேலை மட்டும் ஊரில் பார்த்த மாதிரி இங்கே நடக்காது.

ஊரில் கல் சுவரை வெட்டிப் பைப் பதித்து, மேலே பூசி மூடிவிடுவோம். இங்கே பேஸ்மென்டின் வெளிச்சுவர் கான்கிரீட், அதற்குப் பின்னால் மண், ஜனவரியில் தொட்டால் கை விறைக்கும். அதனால் உள்பக்கம் குளிர் தடுக்கும் நுரைப் பலகை ஒட்டி, அதன்மேல் ட்ரைவால், அதாவது ஜிப்சம் பலகை, அடிக்கிறார்கள். சில பலகைகளில் ட்ரைவாலை ஸ்க்ரூ செய்யும் பட்டிகளும் கேபிள் போகும் வாய்க்கால்களும் முன்கூட்டியே இருக்கும். கேபிளை மேலே ஜாயிஸ்டுகளுக்கு (மேல்தளத்தைத் தாங்கும் மரங்கள்) இடையில் கொண்டுவந்து, வாய்க்கால் வழியாகக் கீழே இறக்கி, பிளக் வரும் இடத்தில் பெட்டி வைத்தால் வேலை முடிந்தது போலத் தோன்றும்.

முடியவில்லை. முதலில் ஆழத்தைப் பாருங்கள். அரை அங்குல ட்ரைவாலுக்கு வழக்கமாகப் போடும் ஸ்க்ரூ ஒன்றேகால் அங்குலம், அதாவது முக்கால் அங்குலம் உள்ளே போகும். அதற்கு மேல் நாளைக்கு யாராவது டிவி மாட்ட நீள ஸ்க்ரூவை இறக்கினால் அது நேரே கேபிளில் ஏறும், அதனால்தான் மரச் சட்டத்தில் கேபிள் முன்விளிம்பிலிருந்து 32 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், முடியாத இடத்தில் இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு அங்குலக் கனமுள்ள நுரைப் பலகையில் அந்த இடைவெளி சும்மா கிடைக்காது, அளந்து பாருங்கள்.

அடுத்தது பெட்டி. இரண்டரை அங்குல ஆழமான சாதாரணப் பெட்டியை இந்தப் பலகையில் வைத்தால் அதன் முதுகு கான்கிரீட்டில் போய் முட்டும், பின்னால் நுரையே இருக்காது. அறையின் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த இடத்தைத் தொட்டால் தண்ணீர் பூக்கும், பெட்டி துருப்பிடிக்கும். நான் சொல்வது, ஒன்றரை அங்குல ஆழமுள்ள நாலு அங்குலச் சதுரப் பெட்டியும் அதன்மேல் ட்ரைவால் கனத்துக்கு ஒரு வளையமும். உள்ளே வயருக்குத் தாராளமாக இடம் இருக்கும், பின்னால் அரை அங்குல நுரையாவது மிஞ்சும். பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்கை அடைத்துவிடுங்கள், ஆனால் ஸ்ப்ரே நுரை பெட்டிக்குள் போகக்கூடாது. இணைப்புக்காக ஒவ்வொரு வயரும் பெட்டிக்குள் 150 மில்லிமீட்டராவது நீண்டிருக்கட்டும். வயரை முறுக்கிச் சேர்த்த எந்தப் பெட்டியையும் ட்ரைவாலுக்குப் பின்னால் புதைக்கவே வேண்டாம்.

ஒரே வாய்க்காலில் நாலைந்து கேபிளைத் திணிப்பதும் தப்பு. நுரை வெப்பத்தை வெளியே விடாது, கேபிளின் சூடு அங்கேயே தங்கும். தவிர, பி.வி.சி. உறை பாலிஸ்டிரீன் நுரையோடு வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் இளக்கம் போய் விறைத்துப்போகும். இடம் இருந்தால் வாய்க்காலில் ஒரு குழாய் போட்டு அதற்குள் கேபிளை இறக்கலாமா என்று மின்சார இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள், பின்னாளில் மாற்றுவதும் சுலபம். நுரையை ட்ரைவாலால் மூடாமல் வெறுமனே விடாதீர்கள், நெருப்புப் பிடித்தால் அதன் புகை ஆளைக் கொல்லும்.

மற்றவை சுருக்கமாக: வெள்ளை உறைக் கேபிள் 14 கேஜ் (வயரின் கனம்), 15 ஆம்ப் பிரேக்கருக்கு, மஞ்சள் 12 கேஜ், 20 ஆம்புக்கு. சுவரோரம் எந்த இடத்திலிருந்தும் 1.8 மீட்டருக்குள் ஒரு பிளக் எட்ட வேண்டும். அறை பிளக்குகளுக்குப் பொதுவாக ஏ.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு (வயரில் தீப்பொறி பறந்தால் மின்சாரத்தை நிறுத்தும்), சிங்க் பக்கத்தில் ஜி.எஃப்.சி.ஐ. (மின்சாரம் கசிந்தால் நிறுத்தும்).

இப்போது முக்கியமான விஷயம். ஒன்டாரியோவில் மின்சார வேலைக்கு எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதாரிட்டி என்ற மின்பாதுகாப்பு அமைப்பிடம் நோட்டிஃபிகேஷன், அதாவது வேலையைப் பற்றிய அறிவிப்பு, போட வேண்டும். சிட்டி தரும் பில்டிங் பெர்மிட் வேறு, இது வேறு. உங்கள் சொந்த வீட்டில் நீங்களே செய்யலாம், ஆனால் காசு கொடுத்துச் செய்விப்பதானால் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். 'எனக்குத் தெரிந்த ஓர் அண்ணா பாதிக் காசுக்குச் செய்து தருவார்' என்று யார் சொன்னாலும், அவருடைய லைசன்ஸ் எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நோட்டிஃபிகேஷன் இல்லாத வேலையில் நெருப்புப் பிடித்தால் இன்சூரன்ஸ்காரரிடம் நிற்கப்போவது நீங்கள்தான்.

வயர் இழுத்து, பெட்டி வைத்து, சுவர் திறந்திருக்கும்போதே இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் மூடினால் புத்தம்புது ட்ரைவாலை உடைத்துக் காட்டச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் சரி என்றதும், மூடும் முன்பு, அளவு டேப்பைச் சுவரில் பிடித்து ஒவ்வொரு கேபிளும் போகும் வழியைப் படம் எடுங்கள், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்று தெரியும்படி. அந்தப் படங்களின் பிரதியைப் பிரேக்கர் பெட்டிக் கதவின் உள்ளே ஒட்டிவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து வரும் சான்றிதழை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்கலாம்.