சென்னையிலிருந்து பலாலி: தூரமும் நேரமும்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதிவழியே செல்லும் சுமார் 400 கிலோமீட்டரைவிட இது குறைவு. இந்தத் தடத்தில் பறப்பவை ஏ.டி.ஆர். 72 வகைச் சிறு விமானங்கள். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லும் அவை, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால், ஒன்றே கால் மணி நேரத்தையொட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

இத்தடம் புதியதன்று. 1947 டிசம்பரில் இலங்கையின் விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் சேவையையே கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து, பலாலியை அண்டிய காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. போர்க்காலத்தில் விடுபட்டுப்போன அத்தொடர்பு 2019இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமானதும் மீண்டது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025இலிருந்து திருச்சியிலிருந்தும் விமானம் உண்டு; அந்தத் தூரம் 200 கிலோமீட்டருக்கும் குறைவு.

ஆனால் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சென்னை வழியாக யாழ்ப்பாணம் வருபவர் கணக்கிட வேண்டியது சென்னையில் காத்திருக்கும் நேரத்தையே. நள்ளிரவில் வந்து இறங்குபவர் பகல் விமானத்துக்காகப் பல மணி நேரம் இருக்க நேரிடும். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், சேவைகள் குறைவாக உள்ள இத்தடத்தில் பெரும்பாலும் மறுநாள்தான். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியே பயணச்சீட்டு எடுத்திருந்தால், பொதிகளை எடுத்து மீண்டும் ஒப்படைப்பதற்காகக் குடிவரவைக் கடந்தாக வேண்டும். அதற்கு இந்திய விசாவும் தேவை. இலங்கைக்கான பயண அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுபவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

அடுத்த சங்கடம் பொதி. நீண்டதூர விமானத்தில் 23 கிலோ பெட்டிகள் இரண்டு கொண்டுவர அனுமதி பெற்றிருந்தாலும், சிறு விமானத்தில் அதே அளவு கிடைக்காது. மாமிக்கு, மச்சாளுக்கு, அயலட்டைக்கு என்று சொக்லேட்டும் சோப்பும் அடைத்த பெட்டிக்கு மேலதிகக் கட்டணம் கட்டினால், சென்னை வழியாக வந்து மிச்சம்பிடித்த பணம் அங்கேயே போய்விடும். ஆகவே சின்னப் பிள்ளைகளோடும் நிறையப் பொதிகளோடும் வரும் குடும்பத்துக்குக் கொழும்பு விமான நிலையமுள்ள கட்டுநாயக்காவில் இறங்கி வான் வண்டி பிடித்து ஏழெட்டு மணி நேரம் ஓடுவதே இலகு என்பது என் எண்ணம். கையில் விசாவும் ஒரு பெட்டியுமாக வருபவருக்கும், நெடுநேரம் வாகனத்தில் இருக்க முடியாத முதியவருக்கும் பலாலி நல்ல தெரிவு. அங்கிருந்து யாழ் நகரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான்.

நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, நான்கு மணி நேரப் பயணம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் சேவை தடைப்படுவதால், மார்கழி விடுமுறைக்கு வருபவர்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். திரும்பும்போது, பலாலியிலிருந்து புறப்படும் நாளுக்கும் சென்னையிலிருந்து நாடு திரும்பும் விமானத்துக்கும் இடையே ஓர் இரவாவது விட்டுச் சீட்டுப் பதிவு செய்யுங்கள்.