பார்ட்டிஷனை குளோன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் டிஸ்க்கையோ அதன் ஒரு பகுதியான பார்ட்டிஷனையோ அப்படியே நகலெடுக்கிற டிடி கட்டளை உங்களிடம் எதையும் திரும்பக் கேட்காது. எந்த டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும், எதில் எழுத வேண்டும் என்று சொல்லி என்டர் தட்டினால் அடுத்த நொடி எழுத ஆரம்பித்துவிடும். 1970-களில் யூனிக்ஸுக்கு வந்த கருவி, இன்றைக்கும் அதே சுபாவம்தான். இதில் நடக்கிற மிக மோசமான தவறு எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: எதிலிருந்து படிப்பது என்று சொல்லும் இஃப், எதில் எழுதுவது என்று சொல்லும் ஓஎஃப் இரண்டையும் மாற்றிப் போடுவது. உண்மைதான், ஆனால் அது கவனக்குறைவால் மட்டும் நடப்பதில்லை. நேற்று எஸ்டிபி என்று இருந்த டிஸ்க், இன்று பூட் ஆனபிறகு எஸ்டிஏ ஆகியிருக்கலாம். டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கிற வரிசையில்தான் லினக்ஸின் மையமான கெர்னல் பெயர் வைக்கிறது, அந்த வரிசை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பழைய கட்டளையை ஹிஸ்டரியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதனால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். இன்னும் நல்ல வழி, டெவ் ஃபோல்டருக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்று ஒன்று இருக்கிறது, அங்கே உள்ள நீளமான பெயரைக் கொடுப்பது. அதில் மாடலும் சீரியலும் சேர்ந்தே இருக்கும், பூட் மாறினாலும் மாறாது. தட்டச்சுப் பிழையிலும் ஒரு ஆபத்து உண்டு. இல்லாத டிஸ்க்கின் பெயரை ஓஎஃப்-இல் கொடுத்தால் டிடி பிழை காட்டாது, டெவ் ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஒரு சாதாரண ஃபைலை உருவாக்கி அதில் எழுதும். அந்த ஃபோல்டர் இருப்பது ரேமில். சின்ன பார்ட்டிஷன் என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது போலவே தெரியும், மெஷினை அணைத்ததும் பேக்கப் காணாமல் போய்விடும்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தின் ரூட் பார்ட்டிஷனை, அதாவது சிஸ்டம் இருக்கிற முக்கியப் பார்ட்டிஷனை, அப்படியே இமேஜ் (ஃபைலாக ஒரு முழு நகல்) எடுப்பது. டிடி முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை படித்துக்கொண்டு போவதற்குள் சிஸ்டம் லாக் எழுதும், பிரவுசர் கேஷ் எழுதும், டேட்டாபேஸ் எழுதும். முன்பாதி ஒரு நேரத்து நிலை, பின்பாதி இன்னொரு நேரத்து நிலை என்று ஒட்டுப்போட்ட இமேஜ்தான் கிடைக்கும். டிடி இதைப் பற்றி மூச்சே விடாது. பார்ட்டிஷனை இமேஜ் எடுக்கிற இன்னொரு கருவியான பார்ட்குளோன் இந்த விஷயத்தில் நல்லது, பார்ட்டிஷன் மவுண்ட் ஆகி பயன்பாட்டில் இருந்தால் மறுத்துவிடும். அந்த மறுப்பை ஃபோர்ஸ் போட்டு மீறாதீர்கள், லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து எடுங்கள். டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் இருந்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் உறைந்த நகல்) எடுத்து அதை இமேஜ் செய்யலாம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: விண்டோஸ் 8-இலிருந்து வருகிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனும் சுத்தமாக மூடப்பட்டிருக்காது. அந்த வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். அணைக்க மனமில்லையென்றால் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து நேராக லைவ் யூஎஸ்பிக்குப் போங்கள், ரீஸ்டார்ட் முழுமையாக மூடும்.

சரி, இமேஜ் எடுத்தாயிற்று. டிஸ்க் செத்துப்போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்த அன்றுதான் பலருக்குத் தெரியும், ரூட் பார்ட்டிஷன் இமேஜ் மட்டும் இருந்தால் சிஸ்டம் பூட் ஆகாது என்று. பார்ட்குளோன் சேமிப்பது பார்ட்டிஷனுக்குள் இருக்கிற ஃபைல் சிஸ்டத்தை மட்டும்தான். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் அதில் கிடையாது, சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் கிடையாது. புது டிஸ்க்கில் எந்த இடத்தில் எவ்வளவு பெரிய பார்ட்டிஷன் போடுவது என்பதே தெரியாமல் உட்கார வேண்டியிருக்கும். எஸ்எஃப்டிஸ்க் கட்டளையில் டம்ப் ஆப்ஷன் இருக்கிறது, பார்ட்டிஷன் டேபிளை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலாகத் தரும், அதே ஃபைலைத் திரும்பக் கொடுத்தால் அதே டேபிளை உருவாக்கிவிடும். சில நொடி வேலை இது, இமேஜோடு சேர்த்துக் கட்டாயம் செய்யுங்கள். யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை கொண்ட மெஷின் என்றால் பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனும் வேண்டும். பெரும்பாலும் சில நூறு எம்பிதான் இருக்கும், அதை விட்டுவிட ஒரு காரணமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: டிஸ்க்கின் முதல் 512 பைட்டை டிடி மூலம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் டேபிள் முறையின் காலத்துக்கு அது ஓரளவு சரி. அந்த 512-இல் 446 பைட் பூட் கோட், 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளக் குறி. ஆனால் அன்றைக்கே எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் விவரம் அதில் வராது. அதற்குப் பின்வந்த ஜிபிடி முறையில் உள்ள இன்றைய டிஸ்க்கில் முதல் செக்டரில் இருப்பது பெயருக்கு ஒரு பாதுகாப்பு எம்பிஆர் மட்டுமே. உண்மையான டேபிள் அதற்கு அடுத்த செக்டர்களில் இருக்கிறது, அதன் நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்கிறது. ஆகவே ஜிபிடி டிஸ்க்கில் இந்த அறிவுரையைப் பின்பற்றினால் உங்கள் கையில் உபயோகமான எதுவும் இருக்காது.

கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நடக்கிறது. 500 ஜிபி பார்ட்டிஷனில் 60 ஜிபிதான் பயன்படுத்தியிருந்தாலும் டிடி 500-ஐயும் படிக்கும், பார்ட்குளோன் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் எடுக்கும். ஆனால் லினக்ஸின் லக்ஸ் என்கிரிப்ஷன் போட்ட பார்ட்டிஷனைப் பூட்டிய நிலையில் எடுத்தால் பார்ட்குளோனுக்கு உள்ளே எது காலி, எது நிறைந்தது என்று தெரியாது, முழுவதையும்தான் எடுக்க வேண்டும், கம்ப்ரெஸ் செய்தாலும் சுருங்காது. சாவி விவரங்கள் இருக்கும் லக்ஸ் ஹெடரைத் தனியாக ஒரு நகல் எடுத்து வைப்பதும் அவசியம். அது கெட்டுப்போனால் பாஸ்வேர்ட் தெரிந்தாலும் டேட்டா திரும்பாது.

டிஸ்க் ஏற்கெனவே சாகத் தொடங்கியிருக்கிறது, படிக்கும்போது பிழை வருகிறது என்றால் டிடியைத் தொடவே தொடாதீர்கள். பிழை வந்தாலும் நிற்காதே என்று சொல்லும் நோஎரர் ஆப்ஷனை மட்டும் போட்டு ஓட்டினால், படிக்க முடியாத பகுதியை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்து எழுதிவிடும், அதற்கு அப்புறம் உள்ள எல்லாமே இடம் மாறிப்போகும். குறைகிற இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பும் சின்க்கும் சேர்த்துப் போட்டால் இடம் மாறாது, ஆனால் பிளாக் அளவு 4 எம்பி என்று வைத்திருந்தால் ஒரே ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் 4 எம்பி வரை பூஜ்யங்களாகப் போய்விடும். இதற்கென்றே இருப்பது குனு டிடிரெஸ்க்யூ. முதல் சுற்றில் நல்ல பகுதிகளை வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பிறகு முயலும். எதைப் படித்தாயிற்று என்று குறித்து வைக்கும் மேப்ஃபைல் ஒன்றைக் கொடுக்க மறக்காதீர்கள். அது இருந்தால்தான் நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகிறதே என்று நீங்களே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அது இல்லாவிட்டால் சாகப்போகிற டிஸ்க்கை முதலிலிருந்து மறுபடி படிக்க வைக்க வேண்டும், அந்தச் சுமையை அது தாங்காமல் போகலாம்.

இமேஜை வைக்கும் இடத்தையும் பாருங்கள். ஃபேட்32 பென் டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிடியைச் சுருக்கும் கருவியான ஜிசிப்புக்குப் பைப் செய்து எழுதும்போது டிடி பாதியில் தோற்றாலும் ஷெல் கடைசிக் கட்டளையின் விடையை மட்டும் பார்த்து வெற்றி என்று சொல்லிவிடும். ஸ்கிரிப்டில் எழுதுகிறீர்கள் என்றால் பேஷில் பைப்ஃபெயில் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். யூஎஸ்பி டிஸ்க்குக்கு எழுதுகிறீர்கள் என்றால் எஃப்சின்க்கும் சேருங்கள், இல்லாவிட்டால் டிடி முடிந்தது என்று சொன்ன பிறகும் மிச்சம் ரேமில் நின்றுகொண்டிருக்கும், அதற்குள் பிடுங்கினால் போச்சு.

ரீஸ்டோர் செய்யும்போது அளவுதான் முதல் தகராறு. 32 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கிற இரண்டு எஸ்டி கார்டுகள் பைட் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் முழு கார்டையும் டிடி எடுத்து, வேறு கம்பெனி கார்டில் எழுதப்போய், கடைசியில் இடம் பற்றாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. கடைசிப் பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, அது முடிகிற இடம் வரை மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பெரிய டிஸ்க்குக்குப் போகும்போது பிரச்சினை வேறு: ஜிபிடியின் நகல் இப்போது டிஸ்க்கின் நடுவில் கிடக்கும், எஸ்ஜிடிஸ்க் மூலம் அதைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும். பார்ட்டிஷனைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, உள்ளே உள்ள எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தையும் ரீசைஸ்2எஃப்எஸ் மூலம் வளர்க்க வேண்டும்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒன்றாக மாட்டி வைத்து பூட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே யூயூஐடி, அதாவது ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண். பூட்டின்போது எதை மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் ஃபைல் அந்த எண்ணை நம்பித்தான் மவுண்ட் செய்கிறது, எது மவுண்ட் ஆனது என்று தெரியாமல் பழைய டிஸ்க்கில் வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஒரே எண்ணுள்ள இரண்டாவதை மவுண்ட் செய்ய மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் விஷயத்தில் இன்னும் பயப்பட வேண்டும், இரண்டு நகலையும் ஒரே ஃபைல் சிஸ்டம் என்று குழப்பிக்கொண்டு டேட்டாவையே கெடுத்துவிடக்கூடும். ஒன்றைக் கழற்றுங்கள், அல்லது குளோனுக்குப் புது எண் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருக்கிறது, ரீஸ்டோர் செய்து பார்ப்பது. தனி டிஸ்க் இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷினில் பாருங்கள். டிடி எடுத்த முழு டிஸ்க் இமேஜ் என்றால் லூப் டிவைஸாக, ரீட் ஒன்லியில் மவுண்ட் செய்து இரண்டு ஃபோல்டர் திறந்து பார்க்கலாம். பார்ட்குளோன் இமேஜை அப்படி நேரடியாக மவுண்ட் செய்ய முடியாது, முதலில் ரா ஃபைலாக விரிக்க வேண்டும், ஒரே ஒரு ஃபைல் வேண்டும் என்றாலும் அதே கதைதான். இமேஜ் கெட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்க அதற்கென்று செக் இமேஜ் கருவி பார்ட்குளோனோடு வருகிறது. அப்புறம், இமேஜ் இருக்கிற ஃபோல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எந்த மெஷின், எந்த டிஸ்க், எந்த பார்ட்டிஷன், எந்தக் கட்டளையில் எடுத்தது, ரீஸ்டோர் செய்ய என்ன கட்டளை என்பதை எழுதி, எஸ்எஃப்டிஸ்க் டம்ப், ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் செக்சம் இரண்டையும் கூடவே போட்டு வையுங்கள்.