சைக்கிளில் வேலைக்குப் போக என்ன உடுத்துவது? புதுவை, கடலூர் புழுக்கத்துக்கு ஏற்ற வழிகள்

இந்தக் கடற்கரையில் சைக்கிள் மிதிப்பவருக்கு வெயிலைவிடப் பெரிய தொல்லை புழுக்கம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாக வழியில்லாமல் முதுகில் வழிந்து இறங்கும். 'உடனே காயும்' என்று சீட்டு ஒட்டிய டி-சர்ட்கூட, காற்று அசையாத செப்டம்பர் காலையில் முதலியார்பேட்டைப் பக்கம் நெரிசலில் நின்றால் காயாது. ஆகவே துணிக்கடைக்குப் போகும் முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று: ஓட்டுவதற்கும் வேலைக்கும் ஒரே உடை போதுமா, தனித்தனியாக வேண்டுமா?

இதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யலாம். 3 கிலோமீட்டருக்குள் என்றால் ஆபீஸ் உடையிலேயே போகலாம். வேகத்தை மட்டும் அடக்க வேண்டும். 3 முதல் 7 கிலோமீட்டர் வரை சட்டையை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு மேல் ஜட்டி வரை எல்லாம் மாற்றியாக வேண்டும். கடலூரிலிருந்து புதுவைக்கு 22 கிலோமீட்டர் மிதித்து வருபவர் ஆபீஸ் சட்டையில் கிளம்புவது வீண் வேலை. ஏற்றம் இருந்தால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து கோரிமேட்டுக்கோ லாஸ்பேட்டைக்கோ ஏறுபவரும், கடலூரில் கேப்பர் மலைப் பக்கம் போகிறவரும் சமதளத்தில் அதே தூரம் போகிறவரைவிட அதிகம் நனைவார்கள்.

சட்டை, டி-சர்ட்

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் இருக்கும்போது அது சரி. மிதிக்கும்போது பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, முதுகோடு ஒட்டிக்கொண்டு, காற்று நுழையும் வழியையும் அடைத்துவிடும். மெல்லிய பாலியஸ்டர் பின்னல் நூலுக்குள் ஈரத்தை ஏற்பதில்லை. நூலிழைகளுக்கு இடையே பரவவிட்டு வெளிப்புறத்துக்குக் கொண்டுவரும். வண்டி ஓடும் வரை அங்கே காற்றும் படும். ஆனால் அதில் நாற்றம் சீக்கிரம் ஏறும். கால் மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு, பின்னலான பனியன் துணியைவிட லேசாக நெய்த பருத்தி, கதர் அல்லது லினன் அரைக்கைச் சட்டை போதும். உடம்பைத் தொடாமல் தொளதொளவென்று நிற்பதுதான் அதன் பலம். உள்ளே பனியன் வேண்டாம்.

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் திருப்பூர் மிச்ச சரக்கு டி-சர்ட்கள் குவியலாகக் கிடக்கும். சீட்டு கிழிந்தவையே அதிகம், அதனால் கையாலேயே சோதிக்க வேண்டும். துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் காற்றோட்டம் உண்டு. தண்ணீர் பாட்டில் மூடியிலிருந்து உட்புறத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு இரண்டு மூன்று நொடியில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பரவ வேண்டும். முத்தாக நின்றால் அந்தத் துணி வியர்வையையும் தோலிலேயே நிறுத்தும். மலிவு பாலியஸ்டரில் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

அளவும் முக்கியம். ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனியும்போது சட்டையின் பின்பக்கம் நான்கு விரற்கடை மேலே ஏறும். நின்றபடி பார்த்தால் சரியான நீளமாகத் தெரியும் சட்டை, உட்கார்ந்ததும் இடுப்பைக் காட்டும். கடையிலேயே கைகளை முன்னால் நீட்டிக் குனிந்து பாருங்கள். தோள்பட்டைத் தையல் இழுத்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

நிறத்தில் சாம்பல் வேண்டாம். வியர்வைத் திட்டு அதில்தான் பளிச்சென்று தெரியும். வெள்ளையும் கருநீலமும் அதை மறைக்கும். கருநீலத்தில் உப்புக் கோடு காய்ந்து வெள்ளையாக நிற்கும் என்பதால் அது ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

பேன்ட்டும் செயினும்

ஜீன்ஸ் எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் இதற்கு ஆகாது. நான்கு தையல்கள் கூடும் தடித்த முடிச்சு சரியாக சீட்டின் மேல் உட்காரும். நனைந்தால் சாயங்காலம் வரை காயாது. டெரிகாட்டன் பேன்ட், அல்லது கொஞ்சம் இழுபடும் துணியில் தைத்த பேன்ட் நல்லது. தையல்காரரிடம் கொடுப்பதானால் கவட்டில் வைரவடிவத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தையல் முடிச்சு சீட்டிலிருந்து விலகும், கிழிவதும் குறையும்.

செயின் வலது பக்கம் என்பதால் வலது காலைத்தான் கட்ட வேண்டும். முழு செயின் கவர் உள்ள பழைய பாணி சைக்கிளில் இந்தக் கவலை இல்லை. கியர் சைக்கிளில் கட்டாயம். பேன்ட்டை மேலே மடித்துவிட்டால் போதாது, மிதிக்க மிதிக்க மடிப்பு அவிழும். தையல் சாமான் கடையில் வெல்க்ரோ பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும். 3 சென்டிமீட்டர் அகலத்தில் 30 சென்டிமீட்டர் வாங்கி, இரு பக்கத்தையும் முதுகோடு முதுகு ஒட்டித் தைத்தால் கணுக்காலைச் சுற்றும் பட்டி தயார். மிச்சத் துணி காலின் வெளிப்பக்கம் வருமாறு மடித்து, அதன்மேல் சுற்றுங்கள். உள்பக்கம் மடித்தால் அந்தப் புடைப்பே செயினில் உரசும். இரும்புக் கிளிப்பை இங்கே வாங்க வேண்டாம். கடல் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து, பேன்ட்டில் போகாத கறையை விடும். ரெயின்கோட், பை எதற்கும் நைலான் ஜிப் எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

உள்ளே

வெளியில் எது உடுத்தினாலும் சமாளிக்கலாம். உள்ளே தவறினால் வேர்க்குருவில் தொடங்கிப் படர்தாமரையில் முடியும். இந்தப் பக்கத்துத் தோல் மருத்துவர்களுக்கு அது அன்றாட வேலை. நனைந்த ஜட்டியோடு எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காருவதுதான் பெரிய காரணம். தொடை வரை நீளும் பாக்ஸர் வகையில், தொடையின் உட்பக்கம் தையல் வராததாகப் பார்த்து வாங்குங்கள். தொடை உரசுகிறவர்கள் கிளம்பும் முன் கொஞ்சம் வாஸ்லைன் தடவலாம். பவுடர் வியர்வையில் கட்டிக்கட்டியாகி உரசலைக் கூட்டும்.

பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்குத்தான் தேவை. அதை ஜட்டி இல்லாமல் அணிய வேண்டும். உள்ளே ஜட்டி போட்டால் அதன் தையலே பஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே நின்று அறுக்கும். மேலே சாதாரண பேன்ட் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

சுடிதார், சேலை, வேட்டி

கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் பகுதி இது. ஆபத்தும் இங்கேதான் அதிகம். துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றினால் முதலில் இழுபடுவது கழுத்து. அதனால் மிதிக்கும்போது துப்பட்டாவைக் கழுத்தில் போடவே வேண்டாம், மடித்துப் பையில் வையுங்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்கே கொண்டுபோய், இடுப்பில் இறுக்கமாக முடிச்சிட்டு, நுனிகளைச் செருகுங்கள். தோளில் ஊக்கு குத்தினால் மட்டும் போதாது. ஊக்கு தோளைப் பிடிக்குமே தவிர நுனியைப் பிடிக்காது.

டாப்பின் பக்கவாட்டுத் திறப்பு இடுப்புவரை இருந்தால் முன்பக்கத் துணி மடியில் நிற்கும், பின்பக்கம் சக்கரத்தைத் தேடிப் போகும். பின்பாகத்தை மடித்து உட்கார்ந்து அதன்மேல் எடையை வையுங்கள். முழங்கால் வரை உள்ள குர்த்தியும் லெக்கின்ஸும்தான் சுலபம். பட்டியாலா, பலாஸ்ஸோ வகைகளில் இரண்டு காலிலும் வெல்க்ரோ பட்டி வேண்டும்.

சேலையில் ஓட்டுகிறவருக்குக் குறுக்குக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளும், பின்சக்கரத்தின் இரு பக்கமும் வலை போல மூடும் சேலை கார்டும் இருக்க வேண்டும். இல்லாத சைக்கிளுக்குத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். கேரியர் போல்ட்டிலும் அச்சு நட்டிலும் மாட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கொசுவத்தைக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி தூக்கிக் கட்டி, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகுங்கள். உள்பாவாடைக்கு அடியில் ஷார்ட்ஸ் இருந்தால் காற்றடிக்கும்போது ஒரு கையை விட்டுச் சேலையைப் பிடிக்க வேண்டியிருக்காது. பாலத்தின் மேல் இது முக்கியம். கெடிலம் பாலத்திலும் அரியாங்குப்பம் பாலத்திலும் பக்கவாட்டுக் காற்று திடீரென்று அடிக்கும். வழுக்கும் செயற்கைப் பட்டைவிட, கஞ்சி போடாத பருத்திச் சேலை செருகிய இடத்தில் நிற்கும்.

வேட்டி, கைலி என்றால் மடித்துக் கட்டினால் போதும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காலிலிருந்து தலை வரை

ஹவாய் செருப்பு பெடலிலிருந்து நழுவும், அவசரத்தில் கால் ஊன்றும்போது வார் பிடுங்கிக்கொள்ளும். குதிகால் பட்டி உள்ள சாண்டல் எல்லாக் காலத்துக்கும் ஏற்றது. மழையில் நனைந்தாலும் பாதகமில்லை. வழவழப்பான தோல் அடிப்பாகமுள்ள ஆபீஸ் ஷூவை ஆபீசிலேயே மேஜைக்கடியில் விட்டுவிடுங்கள். லேஸ் ஷூ போட்டால் வலது முடிச்சை ஷூவின் நாக்குக்குள் செருகிவிட வேண்டும்.

ஹெல்மெட் சைக்கிளுக்கென்று செய்ததாக இருக்கட்டும். பைக் ஹெல்மெட் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், காற்றுத் துளையும் போதாது. பத்தாவது நிமிடமே கழற்றிக் கையில் மாட்டிக்கொள்ளத் தோன்றும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். பின்னால் சரித்துப் போட்டால் நெற்றி திறந்தே இருக்கும். தாடைப்பட்டிக்கு அடியில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. உள்ளே மெல்லிய பருத்திக் கைக்குட்டையைக் கட்டினால் வியர்வை கண்ணில் இறங்காது.

அக்னி நட்சத்திர நாட்களில் கருகுவது முன்கையும் பின்கழுத்தும். தெருவோரம் விற்கும் கையுறை நீளக் கைப்பட்டை முன்கைக்குப் போதும். கழுத்துக்குக் காலர் உள்ள சட்டை. ஊசுட்டேரிக் கரை வழியாகவோ வயலோரமாகவோ அந்தி நேரத்தில் திரும்புகிறவர்களுக்குப் பூச்சி தடுக்க நிறமில்லாத கண்ணாடி வேண்டும். கறுப்புக் கண்ணாடி அந்த நேரத்துக்கு உதவாது.

இரவு ஷிப்ட்

பச்சை கலந்த மஞ்சள், ஆரஞ்சு போன்ற ஒளிரும் நிறங்கள் பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரால்தான் பளிச்சிடுகின்றன. தெருவிளக்கிலோ லாரி விளக்கிலோ அவை சாதாரண வெளிர் நிறமாகிவிடும். இரவுக்கு வேண்டியது வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வெள்ளிநிறப் பட்டை. மேல்சட்டையில் இருப்பதைவிடக் கணுக்காலில் இருப்பது சீக்கிரம் கண்ணில் படும், ஏனென்றால் மேலும் கீழும் அசைவதைப் பார்த்தவுடனே ஆள் மிதிக்கிறார் என்று பின்னால் வருபவருக்குப் புரியும். முன்பு சொன்ன வெல்க்ரோ பட்டியின் மேலேயே அதைத் தைத்துவிடலாம். இரவில் இரண்டு காலுக்கும் கட்டுங்கள். இது பின்விளக்குக்கு மாற்று அல்ல.

கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டும்போது போட்ட பாலியஸ்டர் டி-சர்ட்டை யூனிபாரத்துக்கு அடியில் விட்டுவைக்கக் கூடாது. தீப்பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அதேபோல் ஆலை யூனிபாரத்தோடு வீட்டுக்கு மிதிக்கவும் வேண்டாம். அதில் படிந்தது வியர்வையில் ஊறி உடம்பில் இறங்கும். பாதுகாப்பு ஷூவும் லாக்கரிலேயே இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு

நிறுத்தியவுடன்தான் வியர்வை அதிகம் கொட்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கிடைத்த காற்று நின்றுபோகிறது, உடம்புச் சூடோ அப்படியே இருக்கிறது. உடனே ஆபீஸ் சட்டையை மாட்டினால் அதுவும் நனையும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். வந்ததும் பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பிறகு ஈரிழைத் துண்டை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, அக்குள், முதுகு என்று துடைத்துவிட்டு, உலர்ந்த பாதியால் ஒற்றி எடுத்த பின் உடை மாற்றலாம். டர்க்கி டவல் வேண்டாம். பையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஈரமாகவே இருக்கும்.

மாற்றுச் சட்டையை மடித்து வைக்காமல், துண்டைச் சுற்றி உருட்டி வையுங்கள், மடிப்புக் கோடு விழாது. பையை முதுகில் மாட்டினால் வியர்வை கூடும்; கேரியரில் கட்டுங்கள். நனைந்த துணியை பாலிதீன் பையில் அடைத்தால் சாயங்காலம் திறக்க முடியாது. வண்டி நிற்கும் இடத்தில் கேரியர் மேல் காயப் போடுவது மேல்.

மழை

வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொஞ்சமும் நனையாமல் போய்ச் சேர்வது நடக்காத காரியம். தடித்த ரெயின்கோட் மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளே வியர்வையில் அதே அளவு நனைவீர்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஓட்டும் உடையிலேயே நனைந்து போய் மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மழை இங்கே குளிர்வதில்லை. பையை மட்டும் இரட்டைப் பாலிதீனில் கட்டுங்கள். ரெயின்கோட் போட்டால் அக்குளில் திறப்புள்ள மேல்கோட் மட்டும் போதும். குடை போல விரியும் போன்சோ காற்றில் பாய்மரமாகும். கோட்டோடு வரும் தலைமூடி (ஹூட்) பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் என்பதால் அதைத் தவிர்த்து, ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்புள்ள தொப்பி போடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல் புயலில் புதுவையில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அப்படிப்பட்ட நாளுக்கு உடை கிடையாது. தெருவில் தண்ணீர் நின்றால் வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாது. ஓட்டுவதை விட்டுவிட்டு இறங்குங்கள்.

துவைப்பது

ஓட்டிய துணியை அன்றிரவே அலசுங்கள், இல்லையென்றால் பாலியஸ்டரில் நாற்றம் நிரந்தரமாகத் தங்கும். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளின் மேல் படலமாகப் படிந்து ஈரம் பரவுவதைக் கெடுக்கும், அதைச் சேர்க்காதீர்கள். நாற்றம் ஏறிவிட்டால் அரை வாளித் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு சோப்புப் போடலாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள். சோப்புப் படிவு தங்கிய துணி அடுத்த நாள் தொடையில் அரிக்கும்.