மனதைத் திடப்படுத்திக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? படிப்படியாக

“நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள்.” சமீபத்தில் இந்த வரியை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. ‘ப்ரிப்பேர்’ என்று போட்டால் ஏதோ பரீட்சைக்குத் தயாரானவள் மாதிரி ஆகிவிடுகிறது. ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் பிரேஸ், ஸ்டீல், நெர்வ், கர்ட், சைக் அப் என்று வரிசையாகக் கொட்டுகிறது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. நான் பிரித்துக்கொள்ளும் முறை இது.

படி 1: கஷ்டம் உங்களைத் தேடி வருகிறதா, நீங்கள் அதைத் தேடிப் போகிறீர்களா?

தேடி வருகிறது என்றால் ‘பிரேஸ்’. புயல், கெட்ட செய்தி, ஆட்குறைப்பு எதுவானாலும் சரி, தடுப்பது உங்கள் கையில் இல்லை. அடி விழும்போது சாயாமல் இருப்பது மட்டும்தான் கையில் இருக்கிறது. 2009 ஜனவரி 15 அன்று இரண்டு எஞ்சினும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்குவதற்குச் சற்று முன்பு, விமானி சல்லன்பெர்கர் பயணிகளுக்குச் சொன்னது ‘பிரேஸ் ஃபார் இம்பேக்ட்’. உடனே பணியாளர்கள், தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லி ‘பிரேஸ், பிரேஸ்’ என்று குரல் கொடுத்தார்கள். விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். குனிந்து, உடம்பை இறுக்கி, மோதலுக்குக் காத்திருக்கும் அந்த நிலையைத்தான் இந்தச் சொல் மனதுக்கும் கொண்டுவருகிறது.

நீங்களே போய்ச் செய்ய வேண்டிய கஷ்டம் என்றால் ‘ஸ்டீல்’. அதாவது எஃகு. ஒருவருடைய மரணச் செய்தியை அவர் வீட்டாரிடம் சொல்லப் போகிறீர்கள். அங்கே உங்களைத் தடுப்பது வெளியே இருக்கும் எதுவும் இல்லை, உங்கள் தயக்கமும் இரக்கமும்தான். அவற்றை அடக்கி மனதை இறுக்கிக்கொள்வது ஸ்டீல். கதவைத் தட்டியவளுக்கு நான் போட்டது இதுதான்: ‘ஷீ ஸ்டீல்ட் ஹர்செல்ஃப் அண்ட் நாக்ட்’. வரப்போகும் செய்திக்கும் ஸ்டீல் வரும், தவறில்லை. ஆனால் திடுமென விழும் அடிக்கு பிரேஸ்தான் பொருத்தம்.

தடை வெறும் பயம் என்றால் ‘நெர்வ்’ போதும். மேடை ஏறுவது, சம்பள உயர்வு கேட்பது போன்றவை.

படி 2: ‘செல்ஃப்’ எங்கே?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

தமிழில் ‘திடப்படுத்தினேன்’ என்றால் யாரை என்ற கேள்வி வரும். ‘திடப்படுத்திக்கொண்டேன்’ என்றால் வராது, ‘கொள்’ அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் ‘கொள்’ளின் இடத்தில் மைசெல்ஃப், ஹர்செல்ஃப் போன்றவை வர வேண்டும். ‘ஐ ஸ்டீல்ட் ஃபார் தி நியூஸ்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘ஐ ஸ்டீல்ட் மைசெல்ஃப் ஃபார் தி நியூஸ்’ என்றால்தான் வாக்கியம் நிற்கும். நெர்வும் அப்படியே. இந்த மூன்றில் பிரேஸுக்கு மட்டும் சலுகை உண்டு: ‘சிட்டி பிரேசஸ் ஃபார் ஸ்டார்ம்’ என்று தலைப்புச் செய்திகளில் செல்ஃப் இல்லாமலே பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பழகிய கை மற்ற சொற்களிலும் செல்ஃபை விட்டுவிடுகிறது.

அப்புறம், அதன் பின்னால் வருவது. வரப்போகும் பொருளுக்கு ‘ஃபார்’. செய்யப்போகும் செயலுக்கு ‘டு’: ‘ஸ்டீல்ட் மைசெல்ஃப் டு ஓப்பன் தி லெட்டர்’. உள்ளே விடக் கூடாததற்கு ‘அகெய்ன்ஸ்ட்’: ‘ஸ்டீல்ட் ஹர்செல்ஃப் அகெய்ன்ஸ்ட் ஹிஸ் டியர்ஸ்’, அவன் கண்ணீருக்கு இளகிவிடாமல் மனதை இறுக்கிக்கொண்டாள். ஒரே வினைதான், பின்னால் வரும் சிறு சொல் காட்சியையே மாற்றிவிடுகிறது.

படி 3: முன்பா, நடக்கும்போதா?

மேலே சொன்னவை எல்லாம் கஷ்டத்துக்கு முந்தைய நொடி. ‘கிரிட் யுவர் டீத்’ நம் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’தான், பெரும்பாலும் கஷ்டத்தின் நடுவில் இருப்பவருக்கு வரும். ‘பைட் தி புல்லட்’ என்றால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை, வேறு வழியில்லை என்று செய்து முடிப்பது.

படி 4: தொனி

‘சைக் அப்’ பேச்சுவழக்கு. விளையாட்டு வீரர்களுக்கும் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும், இரங்கல் கடிதத்தில் வேண்டாம். ‘கர்ட் யுவர் லாயின்ஸ்’ நம் ‘வரிந்துகட்டிக்கொண்டு’ மாதிரி. விவிலிய மொழிபெயர்ப்பு வழியாகப் பரவியது. இன்று பாதி விளையாட்டாகவே சொல்கிறார்கள், அதனால் துயரமான இடத்தில் நான் தொடுவதில்லை.

எதில் சரிபார்ப்பது?

ஒத்தசொல் அகராதியைச் சொல் தேட மட்டும் பயன்படுத்துங்கள், தேர்ந்தெடுக்க அல்ல. தேர்ந்தெடுக்க லாங்மேன் கற்போர் அகராதி என் முதல் விருப்பம், இணையத்தில் இலவசம். செல்ஃப் வேண்டுமா, பின்னால் டு வருமா என்பதை அங்கேயே காட்டிவிடும். பிறகு, ஒரு சொல் வரும் ஆங்கில வாக்கியங்களைத் தேடிக் காட்டும் ஸ்கெல் என்ற இணையதளத்தில் அதே சொல்லைத் தட்டி, வரும் வாக்கியங்களைப் பொறுமையாகப் படியுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைவிட இந்த இரண்டையும்தான் நம்புகிறேன்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த மூன்று சிக்கல்களையும் சேர்த்துவிடுகிறேன். ஸ்டீலில் இரண்டு ‘இ’ வர வேண்டும். ‘இ’க்குப் பின் ‘ஏ’ போட்டால் திருடுவது என்றாகிவிடும், உச்சரிப்பு ஒன்றே என்பதால் காதுக்குத் தெரியாது, எழுத்துப்பிழை திருத்தியும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ‘சைக் அவுட்’ என்பது எதிராளியைக் கலங்கடிப்பது, அப்-ஐ மாற்றிவிடாதீர்கள். ‘ஸ்க்ரூ அப்’ என்பதோடு ‘கரேஜ்’ கட்டாயம் வேண்டும். கரேஜ் இருந்தால் துணிவை வரவழைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் காரியத்தைக் கெடுப்பது. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ‘ப்ளக் அப் கரேஜ்’ என்று எழுதுங்கள்.